‘சரிபார்க்கப்படாதது’ என்று மேலே போட்டுவிட்டு முழுசாக வெளியிடலாமா?

புதுவரி

அரசியல் செய்தி மட்டும் போடும் ஒரு சிறு இணையதளத்தை மனதில் வைத்துக் கேட்கிறேன். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரைப் பற்றி 22 பக்கக் குறிப்பு கைக்கு வருகிறது. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. ஒப்பந்தங்களில் கமிஷன், பினாமி பெயரில் நிலம், வெளிநாட்டில் ஒரு ரகசியச் சந்திப்பு, நடுவில் இரண்டு பக்கம் அந்தரங்க வாழ்க்கை. கொடுத்தவர் அதே கட்சியில் எதிர்க்கோஷ்டி. பெரிய ஊடகங்கள் இரண்டிடம் இதே கட்டு இருக்கிறது, இரண்டும் வாய் திறக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் செய்தியாளர் சந்திப்பில் “இன்னும் சில நாளில் பூதம் கிளம்பும்” என்று ஜாடை காட்டிவிட்டார்.

இந்த நிலையில் ‘இது சரிபார்க்கப்படாதது, வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்’ என்று மேலே போட்டு முழுவதையும் வெளியிடுவது நேர்மையா, கைகழுவலா? கடைசிப் பத்தியில் ‘அவர் இதை மறுத்தார்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா? ஒரு தகவலை இரண்டு சோர்ஸாவது (தகவல் தருபவர்) உறுதி செய்ய வேண்டும் என்று இரண்டு சோர்ஸ் விதி சொல்கிறார்களே, அந்த இரண்டை எப்படி எண்ணுவது?

நள்ளிரவு டெஸ்க்

முதலில் அதை ‘ஆவணம்’ என்று அழைப்பதை நிறுத்துங்கள். யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று தெரியாத வரை அது வெறும் குறிப்பு. அலுவலகத்துக்குள் ‘ஆவணம்’ என்று பேசிப் பழகினால் அந்தச் சொல் அப்படியே தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, 22 பக்கத்தை ஒரே பொருளாகப் பார்த்து ‘போடலாமா வேண்டாமா’ என்று கேட்பதே தப்பான கேள்வி. அதைத் தனித்தனிக் கூற்றாக உடையுங்கள். ஒரு விரிதாள் திறந்து, ஒரு வரிக்கு ஒரு கூற்று. பக்கத்தில் நான்கு நெடுவரிசை: இதை நேரில் அறிந்திருக்கக்கூடியவர் யார், இது உண்மையானால் எங்கே ஒரு தாள் உருவாகியிருக்கும், எதைக் கண்டால் இது பொய் என்று ஆகும், இப்போதைய நிலை என்ன. ஒரே வாக்கியத்தில் மூன்று கூற்று ஒளிந்திருக்கும். ‘இன்ன தேதியில் இன்ன ஹோட்டலில் ஒப்பந்ததாரரைச் சந்தித்துப் பணம் பெற்றார்’ என்றால், அன்று அவர் அந்த ஊரில் இருந்தார், இருவரும் சந்தித்தார்கள், பணம் கைமாறியது என்று மூன்றாகப் பிரியும். முதலாவது சரி என்று தெரிந்ததுமே மூன்றாவதும் சரி என்று மனசு தாவும். பொய் புனைகிறவர் நம்பியிருப்பது அந்தத் தாவலைத்தான். ஊரறிந்த ஒன்பது உண்மைக்கு நடுவே ஒரு பொய்யைச் செருகினால் போதும்.

சரிபார்ப்பை எங்கே தொடங்குவது? உடைக்க எளிதான இடத்தில். பணம் கைமாறியதா என்பதை நிரூபிப்பது கடினம். அன்று அவர் அவையில் வாக்களித்தாரா, வேறு ஊர் மேடையில் பேசினாரா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. தேதி, பதவிப் பெயர், நிறுவனம் பதிவான ஆண்டு, சர்வே எண், பெயரின் எழுத்துக்கூட்டல். டிரம்புக்கு ரஷ்யாவோடு தொடர்பு என்று ஸ்டீல் என்ற பிரிட்டிஷ் முன்னாள் உளவாளி எழுதிய குறிப்புகள் 35 பக்கம். அதை 2017 ஜனவரி 10 அன்று முழுசாக வெளியிட்ட அமெரிக்க இணையதளம் பஸ்ஃபீட்டே, உள்ளே பிழைகள் இருப்பதாகக் கூடவே எழுதியிருந்தது. ஒரு ரஷ்ய நிறுவனத்தின் பெயர் நெடுகத் தவறாக எழுதப்பட்டிருந்தது. டிரம்பின் வழக்கறிஞர் பிராக் நகரில் ரஷ்யர்களைச் சந்தித்தார் என்ற கூற்று, வேண்டுமானால் உடைத்துப் பார்க்கக்கூடிய வகை. அது உண்மையல்ல என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ முடிவு செய்திருந்ததை 2019 டிசம்பரில் அந்நாட்டு நீதித் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை பதிவு செய்தது.

சோர்ஸ் எண்ணும் விஷயம். பேசியவர்களை எண்ணக்கூடாது, கண்ணால் கண்டவர்களை எண்ண வேண்டும். உங்களிடம் பேசிய மூவரும் ஒரே டீ மேசையில் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் அது ஒரு சோர்ஸ். அந்த ஒருவரும் நேரில் காணாதவரானால் பூஜ்யம். ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் கேளுங்கள்: “உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்? எப்போது?” சோர்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்து வரைபடம் போட்டால் எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் போய்ச் சேருவது பல நேரம் கண்ணுக்குத் தெரியும். ஸ்டீலுக்குத் தகவல் திரட்டித் தந்தவரே, தன் தகவல் காதுவழிச் செய்தி, நண்பர்களோடு பீர் குடிக்கையில் பேசியது என்கிற அளவில்தான் எஃப்பிஐயிடம் சொன்னார் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான பொறி வட்டமடிக்கும் உறுதிப்பாடு. 2016 செப்டம்பரில் யாஹூ நியூஸ் வெளியிட்ட ஒரு செய்தி ஸ்டீல் தந்த தகவலில் இருந்து வந்தது. பிறகு டிரம்ப் பிரச்சாரக் குழுவின் முன்னாள் ஆலோசகர் ஒருவரைக் கண்காணிக்க அனுமதி கேட்ட மனுவில், ஸ்டீல் தகவலோடு அந்தச் செய்தியும் சேர்க்கப்பட்டது, அந்தச் செய்திக்கு ஸ்டீல் நேரடி சோர்ஸ் இல்லை என்ற கணிப்போடு. ஒரே வாய் இரண்டு குரலாகக் கேட்டது. ‘பெரிய ஊடகங்களிடமும் இருக்கிறது’ என்கிறீர்களே, அவர்களுக்குக் கொடுத்ததும் அதே எதிர்க்கோஷ்டிக்காரர்தானா என்று பார்த்தீர்களா?

காகிதத்தைப் பற்றியும் ஒன்று. நகலை வைத்து எந்த நிபுணரும் முழுச் சான்று தர முடியாது. மை, தாள், அழுத்தம் எல்லாம் மூலப்பிரதியில்தான் இருக்கும். 2004 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அன்றைய அதிபர் புஷ்ஷின் ராணுவப் பணி பற்றி 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை என்று சில அலுவலகக் குறிப்புகளைக் காட்டியது. எல்லாம் நகல். அன்றைய தட்டச்சுப் பொறியில் அபூர்வமான எழுத்து இடைவெளி அவற்றில் இருப்பதைப் பார்வையாளர்களே மறுநாள் சுட்டிக்காட்டினார்கள். செப்டம்பர் 20இல், அவை உண்மையானவை என்று தங்களால் நிரூபிக்க முடியவில்லை என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. நிபுணர்களில் சிலர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகம் எழுப்பியிருந்தார்கள் என்பதுதான் அதில் வலிக்கும் பகுதி. ஒப்பீட்டு மாதிரியிலும் கவனம் வேண்டும். 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை வெளியிட்ட போலி ஹிட்லர் ‘நாட்குறிப்பு’களின் கையெழுத்து பொருந்துகிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள், ஒப்பிடக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அதே மோசடிக்காரர் எழுதியவை கலந்திருந்தன.

கொடுத்தவரின் உள்நோக்கம் தகவலைப் பொய்யாக்கிவிடாது. நல்ல எண்ணத்தோடு மட்டும் யாரும் கட்டைத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஆனால் எது விடுபட்டிருக்கும் என்பதை நோக்கம் காட்டும். “இதில் நீங்கள் சேர்க்காமல் விட்ட பக்கம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

அந்தரங்கம் பற்றிய இரண்டு பக்கத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பொதுப் பணத்தோடோ பதவியோடோ தொடர்பு இல்லாவிட்டால் உண்மையாகவே இருந்தாலும் அது உங்கள் செய்தி அல்ல. சரிபார்க்கும் உழைப்பும் மிச்சம்.

ஒற்றுப்பிழை

டெஸ்க் சொன்னது தகவலுக்கு. நான் வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான அவதூறு தமிழில் இலக்கணத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

நம் மொழியில் வினையோடு ஒரு ‘ஆம்’ ஒட்டினால் போதும்: வாங்கினாராம், போனாராம். கேள்விப்பட்டேன் என்று பொருள், யாரிடம் என்று சொல்லும் கடமை இல்லை. கிசுகிசுப் பத்தி முழுக்க இந்த விகுதியில்தான் ஓடுகிறது. அதற்குக் கோட்டுசூட்டு மாட்டினால் ‘கூறப்படுகிறது’. யாரால்? இன்னும் மோசமானது ‘பணம் பெற்றதாகத் தெரிகிறது’. யாருக்குத் தெரிகிறது? ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதில் வட்டாரம் ஒருவரா ஒன்பது பேரா என்று எழுதியவருக்கே தெரியாது. நடுவில் பன்மை விகுதி மட்டும் சும்மா கிடைத்துவிடுகிறது. ஒரே ஆள் சொன்னதை ‘வட்டாரங்கள்’ என்று எழுதுவது பொய். அதற்கு வேறு பெயர் கிடையாது.

சோதனை எளிது. ஒவ்வொரு ‘கூறப்படுகிறது’வையும் எடுத்துவிட்டு எழுவாய் போட்டு எழுதிப் பாருங்கள்: ‘ஒப்பந்தக் கோப்புகளைக் கையாண்ட அலுவலர் ஒருவர் சொன்னார்; பணம் கைமாறியதைத் தான் நேரில் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.’ இப்படி எழுத முடிந்தால் அது செய்தி. எழுவாய் கிடைக்காவிட்டால் அந்த வாக்கியம் போக வேண்டியதுதான். பெயரை மறைக்கலாம், ஆனால் அவர் எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பதை மறைக்கக் கூடாது.

சொல்லின் படிநிலையும் முக்கியம். புகார், முதற்கட்ட விசாரணை, வழக்குப்பதிவு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு. ஒவ்வொன்றும் வெவ்வேறு படி. புகார் நிலையில் ‘சிக்கினார்’, ‘அம்பலம்’, ‘திடுக்கிடும் ஆதாரம்’ என்று எழுதினால் நான்கு படி தாண்டிவிட்டீர்கள். கேள்விக்குறித் தலைப்பும் கவசம் இல்லை. ‘லஞ்சம் வாங்கினாரா அமைச்சர்?’ என்பதைப் படிக்கிறவர் கேள்வியாகப் படிப்பதில்லை.

எதிர்த்தரப்பைக் குறிக்கும் வினைகள் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. ‘பதிலளிக்க மறுத்தார்’, ‘பதில் கிடைக்கவில்லை’, ‘அழைப்பை எடுக்கவில்லை’, ‘கேட்கவில்லை’ நான்கும் நான்கு வேறு உண்மைகள். ஒரு முறை போன் அடித்து விட்டுவிட்டு ‘மறுத்தார்’ என்று போடுவது தகவல் பிழை. ‘மழுப்பினார்’ என்று எழுதினால் அவரை நீங்களே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாயிற்று.

இப்போது உங்கள் ‘சரிபார்க்கப்படாதது’ முத்திரை. பக்கத்தின் மேலே அது இருக்கும். வாட்ஸ்அப்பில் பரவும் தலைப்பு அட்டையில் இருக்காது. அலைபேசி அறிவிப்பில் இடம் போதாது என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். யாரோ 9ஆம் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முத்திரை பின்தங்கிவிடும், குற்றச்சாட்டு மட்டும் ஊர் சுற்றும். ஆகவே சந்தேகம் தனி வரியில் நிற்கக் கூடாது. குற்றச்சாட்டு இருக்கும் அதே வாக்கியத்துக்குள், வெட்டினால் வாக்கியமே உடையும்படி நிற்க வேண்டும்.

வழக்குக்கட்டு

சட்டப் பக்கம் சுருக்கமாக. நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் ஒரு விதி ஏறக்குறைய எங்கும் உண்டு: அடுத்தவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னவரும் சொன்னவரே. ‘நான் சொல்லவில்லை, குறிப்பு சொல்கிறது’ என்பது தற்காப்பாகாது. நீதிமன்றம் ‘இப்படி ஒரு குறிப்பு இருப்பது உண்மையா’ என்று கேட்காது, ‘குறிப்பில் சொன்னது உண்மையா’ என்றுதான் கேட்கும்.

அப்படியானால் முழுசாக நிரூபிக்க முடியாத எதையும் எழுதவே கூடாதா என்றால், இல்லை. உண்மைக்குப் பதிலாக உழைப்பைப் பார்க்கும் தற்காப்புகள் உண்டு. அமெரிக்காவில் 1964 சல்லிவன் தீர்ப்புப்படி பொதுப் பதவியில் இருப்பவர் வழக்கில் வெல்ல வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே வெளியிட்டீர்கள், அல்லது உண்மையா என்று கவலையே படாமல் வெளியிட்டீர்கள் என்று காட்ட வேண்டும். பிரிட்டனில் 1999 ரெனால்ட்ஸ் தீர்ப்பு பத்து அம்சங்களைச் சொன்னது: குற்றச்சாட்டு எவ்வளவு கடுமை, தகவல் தந்தவர் நேரில் அறிந்தவரா, காசுக்குச் சொன்னாரா, சரிபார்க்க என்ன செய்தீர்கள், அவசரம் உண்டா, எதிர்த்தரப்பைக் கேட்டீர்களா, அவர் தரப்பின் சாரமாவது செய்தியில் உண்டா, தொனி என்ன என்பவை அவற்றில் சில. இப்போது 2013 அவதூறுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது என்றாலும் டெஸ்க்கில் ஒட்டிவைக்க அந்தப் பத்து இன்னும் நல்ல பட்டியல். அந்த வழக்கில் பத்திரிகை தோற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், வழக்குப் போட்ட அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் ரெனால்ட்ஸ் அவையில் தந்த விளக்கத்தைச் செய்தியில் விட்டுவிட்டது.

இந்தியாவில் 1994 ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளின் அலுவல் சார்ந்த நடத்தை பற்றி எழுதினால், நியாயமான அளவு சரிபார்த்த பின்பே எழுதியதாகக் காட்டினால் போதும் என்றது. ‘அலுவல் சார்ந்த’ என்பதில் கண் வையுங்கள். உங்கள் இரண்டு பக்க அந்தரங்கம் அதில் வராது. இது சிவில் பக்கம். கிரிமினல் அவதூறு தனியே நிற்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. அங்கே உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும்.

‘சரிபார்க்கப்படாதது’ முத்திரைக்கு ஒரு பின்விளைவும் உண்டு. ‘கவலையே படாமல்’ என்பதை நிரூபிக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவது உங்கள் மனதில் இருந்த சந்தேகத்துக்கான சான்றை. அதை நீங்களே தலைப்புக்கு மேல் அச்சடித்துத் தருகிறீர்கள்.

கடைசியாக, கையெழுத்தில்லாத தாள். அரசியல்வாதிகளுக்குப் பணம் போனதாகக் குறித்திருந்த ஜெயின் ஹவாலா நாட்குறிப்பு பற்றி 1998இல் வி.சி. சுக்லா வழக்கிலும், அதே வகையான சகாரா-பிர்லா தாள்கள் பற்றி 2017 ஜனவரியிலும், உதிரித் தாள்கள் தம்மளவில் போதுமான சான்றாகா என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. இது நீதிமன்றத்தின் அளவுகோல், செய்தியறையின் அளவுகோல் இதுவாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் இந்தத் தாள் மட்டும் வழக்குக்குப் போதாது என்பதை உங்கள் செய்தியும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம்

எல்லோரும் ஒரே திசையில் போகிறீர்கள், கொஞ்சம் தடுக்கிறேன்.

‘முழுசாக உறுதியான பின் எழுது’ என்ற விதியால் யாருக்கு லாபம்? சான்றுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு. கமிஷனுக்கு ரசீது போட மாட்டார்கள். நேரில் கண்டவர் இருவர் வேண்டும் என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும் வந்து சாட்சி சொல்லவா?

பஸ்ஃபீட் விஷயத்தை இங்கே கேலிப்பொருள் போலத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைய நிலையைப் பாருங்கள். அந்தக் குறிப்பு மாதக்கணக்கில் செய்தியாளர்கள், எம்.பி.க்கள், உளவுத் துறையினர் கையில் சுற்றியது. அதன் சுருக்கத்தை உளவுத் துறைத் தலைவர்கள் பதவியில் இருந்த அதிபருக்கும் வரப்போகும் அதிபருக்கும் கொடுத்தார்கள். ஜனவரி 10 அன்று சிஎன்என் ‘இப்படி ஒன்று கொடுக்கப்பட்டது, உள்ளே இருப்பதைச் சொல்ல மாட்டோம்’ என்று செய்தி போட்டது. வாக்களித்தவருக்கு மட்டும் தெரியாத ரகசியம் அது. மூடிய பெட்டியைக் காட்டி ‘உள்ளே பயங்கரம் இருக்கிறது’ என்று சொல்வது, திறந்து காட்டுவதைவிட நேர்மையானதா? திறந்ததால்தான் பிராக் கூற்றை ஊரே சோதிக்க முடிந்தது. நீதிமன்றமும் 2018 டிசம்பரில் பஸ்ஃபீட் பக்கம்தான் நின்றது. அரசு விசாரணையில் இருக்கும் பொருளைப் பற்றிய நியாயமான செய்தி என்ற பாதுகாப்பு அதற்கு உண்டு என்றது.

பெரிய ஊடகங்கள் பேசாமல் இருப்பதெல்லாம் அறம் என்று நினைத்துவிடாதீர்கள். பேரம் நடக்கிற காலத்திலும் அப்படித்தான் பேசாமல் இருப்பார்கள். வெளிவராத குறிப்பு, வைத்திருப்பவருக்கு மிரட்டுக் கருவி.

நள்ளிரவு டெஸ்க்

@மறுபக்கம், பெட்டியைக் காட்டி மூடுவதும் தப்பு என்பதில் உடன்படுகிறேன். கடைசி வரி சரி. நடுவில் ஒன்று விடுபடுகிறது. அந்த 35 பக்கத்தில் டிரம்ப் மட்டும் இல்லை. கணினி ஊடுருவலில் பங்கு என்று பெயர் குறிப்பிடப்பட்ட தொழிலதிபர் ஒருவர் பொது வாழ்வில் இல்லாதவர். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வழக்கு வந்த பிறகு பஸ்ஃபீட் பெயரை மறைத்து மன்னிப்புக் கேட்டது. சட்டப்படி ஜெயித்தது, மன்னிப்பும் கேட்டது. இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியைத்தான் @புதுவரி கேட்கிறார்.

வேறு வழியும் அன்றே இருந்தது. 2016 அக்டோபர் 31இல் மதர் ஜோன்ஸ், முன்னாள் உளவாளி ஒருவர் இப்படி எஃப்பிஐயிடம் தகவல் கொடுத்திருக்கிறார் என்பதைச் செய்தியாக்கியது. கொடுத்தார் என்பது சரிபார்க்கக்கூடிய நிகழ்வு. உள்ளே இருந்த கூச்சமான விவரங்களைப் போடவில்லை. ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் குறிப்பு எதையாவது நகர்த்தியிருக்கிறதா? விசாரணை அமைப்பு வாங்கியதா, கட்சி மேலிடம் இதை வைத்து யாரையாவது பதவியிலிருந்து இறக்கியதா? நகர்த்தியிருந்தால் அந்த நகர்வு செய்தி, அதை நிரூபிக்கலாம். நகர்த்தவில்லை என்றால், எதிர்க்கோஷ்டிக்காரர் அதை உங்களை வைத்து நகர்த்தப் பார்க்கிறார்.

ரசீது இல்லை என்பதற்கும் பதில் உண்டு. கமிஷனுக்கு ரசீது இராது, கமிஷனால் வளைந்த டெண்டருக்கு இருக்கும். கடைசி நேரத்தில் மாறிய தகுதி விதி, ஒரே முகவரியில் இருந்து வந்த இரண்டு ஏலம், மதிப்பீட்டைத் தாண்டிய தொகை. பணத்தை விட்டுவிட்டுக் கோப்பைத் துரத்துங்கள். ‘லஞ்சம் வாங்கினார்’ என்று எழுத முடியாமல் போகலாம். ‘விதி மாறிய ஐந்தாவது நாள் இந்த நிறுவனத்துக்கு வேலை போனது, மாற்றிய கையெழுத்து இவருடையது’ என்று எழுத முடியும். அது உங்கள் சொந்தச் செய்தி, எதிர்க்கோஷ்டியின் தயவு வேண்டாம்.

உறுதிப்படுத்தும் குறுக்கு வழிகளைத் தொடாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுப்பது அதில் முதலிடம். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் காலத்தில், 1972 அக்டோபர் 25 அன்று வாஷிங்டன் போஸ்ட், நிக்சனின் அலுவலகத் தலைவர் ரகசிய நிதியைக் கட்டுப்படுத்தினார் என்று ஒருவர் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குழு) முன் சாட்சி சொன்னதாக எழுதியது. அலுவலகத் தலைவருக்குத் தொடர்பு இருந்தது உண்மை. அப்படிச் சாட்சி சொன்னார் என்பது தவறு. உறுதி செய்ய ஒரு செய்தியாளர் கையாண்ட வழி: “தப்பு என்றால் நான் பத்து எண்ணுவதற்குள் போனை வையுங்கள்.” எதிர்முனையில் இருந்தவர் விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். விஷயம் சரி, யார் எங்கே சொன்னது என்பது பிழை. வெள்ளை மாளிகைக்கு அந்தப் பிழை போதுமாக இருந்தது.

இனி ‘அவர் மறுத்தார்’. இரவு 11 மணிக்கு “உங்கள் மீது குற்றச்சாட்டு இருக்கிறது, கருத்து?” என்று அனுப்புவது எதிர்த்தரப்பைக் கேட்டதாகாது. வெளியிடப்போகும் ஒவ்வொரு கூற்றையும் எண் போட்டு, தேதி, இடம், நிறுவனம் உட்பட எழுதுங்கள். சோர்ஸைக் காட்டிக்கொடுக்கும் விவரம் இருக்கிறதா என்று ஒரு முறை வாசியுங்கள். மின்னஞ்சலோடு இன்னொரு வழியிலும் அனுப்புங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். பழைய விவகாரம் என்றால் இரண்டு மூன்று வேலை நாளாவது தர வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிடந்த விஷயத்துக்கு மூன்று மணி நேரக் கெடு வைத்தால் அவசரம் உங்களுடையது என்று யாருக்கும் புரியும். அவர் விளக்கம் கடைசிப் பத்தியில் அல்ல, குற்றச்சாட்டு வரும் பத்திக்கு அடுத்ததில் வர வேண்டும். ‘அன்று நான் ஊரில் இல்லை, இதோ பயணச்சீட்டு’ என்று பதில் வந்தால் அதை மேற்கோளாகப் போட்டுவிட்டு நகரக் கூடாது. செய்தியை நிறுத்தி, சீட்டைச் சரிபார்க்க வேண்டும். தடை உத்தரவு வாங்க அவருக்கு நேரம் கொடுத்தது ஆகாதா என்று கேட்பார்கள். ஆகலாம். அந்த அபாயத்தோடுதான் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிபிசியின் நியூஸ்நைட் செய்தி நிகழ்ச்சி, 2012 நவம்பர் 2. ‘மூத்த அரசியல்வாதி ஒருவர்’ மீது சிறார் பாலியல் குற்றச்சாட்டு, பெயர் சொல்லவில்லை. குற்றம் சாட்டியவரிடம் அந்த ஆளின் புகைப்படத்தைக் காட்டவில்லை, அந்த ஆளிடமும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில், புகைப்படத்தைப் பார்த்த குற்றம் சாட்டியவரே ‘இவர் இல்லை’ என்றார். அதற்குள் ட்விட்டர், அந்த அரசியல்வாதி லார்ட் மெக்ஆல்பைன்தான் என்று அவர் பெயரைத் தூக்கிவிட்டது. பிபிசி தலைமை இயக்குநர் 10ஆம் தேதி பதவி விலகினார், மெக்ஆல்பைனுக்கு பிபிசி 1,85,000 பவுண்டு இழப்பீடு தந்தது. நேரடி நிகழ்ச்சியில் பிரதமரிடம் சந்தேகப் பெயர்களின் பட்டியலை நீட்டியபோது அது கேமராவில் சில கணம் தெரிந்ததற்கு இன்னொரு தொலைக்காட்சியான ஐடிவி 1,25,000 பவுண்டு கொடுத்தது. அப்பாவி முகத்தோடு ‘இவர் ஏன் டிரெண்டிங்?’ என்று கேட்ட ஒற்றை ட்வீட்டும் அவதூறுதான் என்று 2013 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

புதுவரி

பெயர் போடாமல் ஜாடையாக எழுதுவது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன், அது போச்சு. இரண்டு சந்தேகம் மிச்சம். நாளை எதிர்க்கட்சித் தலைவர் பெயரோடு சொல்லிவிட்டால், அவர் சொன்னதை அப்படியே போடலாமா? நேரலை வேறு ஓடுமே, அதை என்ன செய்வது?

வழக்குக்கட்டு

எங்கே நின்று சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. அவைக்குள் சொன்னால், இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 361ஏ பிரிவு, 1978இல் 44ஆவது திருத்தத்தில் வந்தது, கெட்ட எண்ணமின்றி வெளியிடப்பட்ட, சாராம்சத்தில் உண்மையான செய்திக்குப் பாதுகாப்புத் தருகிறது. செய்தித்தாள், வானொலி-ஒளிபரப்பு என்ற அந்தக் காலச் சொற்களில் எழுதப்பட்ட பிரிவு, இணையதளம் என்ற சொல் அதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவைத்தலைவர் நீக்கிய பகுதியைப் போட்டால் பாதுகாப்புப் போய், அவை உரிமை மீறல் நடவடிக்கை வரும். அதே தலைவர் அதே வாக்கியத்தைக் கதவுக்கு வெளியே வந்து மைக்கில் சொன்னால் இந்தக் கவசம் இல்லை. திருப்பிச் சொன்னவர் கணக்கில்தான் வருவீர்கள். அதனால்தான் கெட்டிக்காரர்கள் சிலவற்றை உள்ளே மட்டும் சொல்லிவிட்டு, வெளியே “அவையில் பேசியதைப் பாருங்கள்” என்பார்கள்.

மறுபக்கம்

அதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘வெளியே திருப்பிச் சொல்வீர்களா என்று கேட்டோம், மறுத்தார்.’ அந்த ஒரு வரி வாசகருக்கு நிறையச் சொல்லும். மறுத்தார் என்பது உண்மையிலேயே மறுத்திருந்தால் மட்டும், இல்லாவிட்டால் @ஒற்றுப்பிழை என்னைப் பிடித்துக்கொள்வார்.

நள்ளிரவு டெஸ்க்

நேரலையை நிறுத்த முடியாது என்றால் குறைந்தபட்சம் அதை வெட்டித் துணுக்காக்காதீர்கள். நேரலையில் தற்செயலாக வந்தது வேறு, அந்த 40 வினாடியைத் தேர்ந்து, தலைப்பு வைத்து, மறுபடி ஏற்றியது வேறு. இரண்டாவது உங்கள் முடிவு. எழுத்துச் செய்தியில் சொன்னவர் பெயர், சான்று எதையும் காட்டினாரா, உங்கள் கையில் இருக்கும் குறிப்பில் இருந்து நீங்கள் சரிபார்த்தது எவ்வளவு, சரிபார்க்க முடியாமல் போனது எவ்வளவு என்று நான்கும் மேலேயே வரட்டும். ‘இன்ன மூன்று கூற்றைச் சோதித்தோம், இரண்டு தவறு’ என்று உங்களிடம் இருந்தால் அதுதான் தலைப்பு. விரிதாள் அப்போது கைகொடுக்கும்.

ஒற்றுப்பிழை

ஒரு சின்னச் சேர்க்கை. பிறகு திருத்தம் போட நேர்ந்தால் தலைப்பை மாற்றிவிடுவீர்கள், ஆனால் இணைப்பு முகவரியில் முதல் தலைப்பின் சொற்கள் அப்படியே நிற்கும். பகிரப்பட்ட அட்டைகளில் பழைய படமும் வரியும் நிற்கும். அலைபேசிக்குப் போன அறிவிப்பு திரும்பி வராது. அதனால் முதல்முறை ஏற்றும்போதே முகவரியில் குற்றச் சொல் வேண்டாம், துறையின் பெயரும் ஒப்பந்த எண்ணும் போதும். திருத்தத்தைச் செய்தியின் அடியில் புதைக்காமல் மேலே, என்ன தவறு என்று சொல்லி, தேதியோடு போடுங்கள். குற்றச்சாட்டு அறிவிப்பாகப் போயிருந்தால் திருத்தமும் அறிவிப்பாகப் போக வேண்டும். அந்த பட்டனை அழுத்துகிற பொறுப்பு யாருக்கு என்பதை இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், அன்றைக்கு எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.